கணக்கு காட்டாதவர்களின் தரவரிசை

2021 ஏப்ரலில் உலகின் மதிப்பு மிக்க கால்பந்து கிளப்புகளின் வருடாந்திரப் பட்டியலை ஃபோர்ப்ஸ் பத்திரிகை வெளியிட்டபோது, முதன்முறையாக முதலிடத்தில் இருந்தது பார்சிலோனா. மதிப்பு 476 கோடி டாலர். அதன் பிறகு நான்கு மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. ஆகஸ்ட் 8 அன்று அதே கிளப்பின் அரங்கில் செய்தியாளர்கள் முன் வந்து நின்ற லயோனல் மெஸ்ஸி, பேச வாயெடுக்கும் முன்பே அழுதார். 13 வயதில் அர்ஜென்டினாவிலிருந்து வந்து அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர். சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுக்க அவர் ஒப்புக்கொண்ட பிறகும் அவரைத் தக்கவைத்துக்கொள்ள கிளப்பால் முடியவில்லை. நிதி நிலைக்குத் தகுந்தபடிதான் வீரர்களுக்குச் செலவிடலாம் என்ற ஸ்பானிய லீக்கின் விதி குறுக்கே நின்றது. அடுத்த வாரமே கிளப்பின் தலைவர் ஜுவான் லபோர்ட்டா நிலைமையைப் போட்டு உடைத்தார்: கடன் 135 கோடி யூரோ.

அப்படியானால் ஏப்ரலில் வந்த பட்டியல் தவறா என்று கேட்டால், தவறில்லை. அந்தப் பட்டியல் கணக்கிடும் முறையே அப்படி. அணியின் ஆண்டு வருமானத்தை எடுத்துக்கொண்டு, அதே போன்ற அணிகள் சந்தையில் என்ன விகிதத்தில் கைமாறின என்று பார்த்து, அந்த விகிதத்தால் பெருக்குகிறார்கள். கிடைக்கும் தொகையில் கடன் கழிக்கப்படுவதில்லை. வங்கிக் கடனில் கட்டிய வீட்டுக்குச் சந்தை விலை ஒரு கோடி என்று சொல்வது போன்றது இது. சொல்வது உண்மைதான், ஆனால் அந்த வீட்டில் இருப்பவர் அடுத்த மாதத் தவணையைக் கட்டுவாரா என்பது அதில் தெரியாது. பார்சிலோனாவின் விலையும் உண்மை, மெஸ்ஸியின் கண்ணீரும் உண்மை. முதல் உண்மைக்கு மட்டும்தான் ஆண்டுதோறும் தலைப்புச் செய்தி கிடைக்கிறது.

அணிகளின் மதிப்பு, உலகத் தலைவர்களின் சொத்து, அவர்களின் அதிகாரம் ஆகியவற்றை வரிசைப்படுத்தும் பட்டியல்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ஒவ்வோர் ஆண்டும் அவற்றை அப்படியே எடுத்துப் போடுகின்றன. பட்டியலில் இருக்கும் எண்களைவிட எண்களின் பின்னே இருக்கும் அளவுகோல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. அணியானாலும் ஆட்சியாளரானாலும், யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவர்களை மேலே ஏற்றிவைக்கும்படியாகவே அந்த அளவுகோல் அமைந்திருக்கிறது.

இன்று உலகிலேயே மதிப்பு மிக்க விளையாட்டு அணி அமெரிக்கக் கால்பந்தின் டல்லஸ் கவ்பாய்ஸ். எல்லா விளையாட்டு அணிகளும் அடங்கிய ஃபோர்ப்ஸ் பட்டியலில் 2016 முதல் அதற்குத்தான் முதலிடம். 2024இல் 1,000 கோடி டாலரைத் தாண்டிய முதல் அணி. 2025இல் 1,300 கோடி டாலர். இந்த அணி கடைசியாக சூப்பர் பவுல் கோப்பையை வென்றது 1996 ஜனவரியில். அன்று பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். ஜெர்ரி ஜோன்ஸ் என்ற எண்ணெய் வணிகர் 1989இல் ஏறக்குறைய 14 கோடி டாலருக்கு வாங்கிய அணி, கோப்பை வென்ற ஆண்டுகளைவிடத் தோற்ற ஆண்டுகளில்தான் பல மடங்கு பெருத்தது.

தோற்றால் நஷ்டம் வர வேண்டும் என்பது விளையாட்டைப் பற்றிய நம் சாதாரண எண்ணம். அமெரிக்கக் கால்பந்து லீக்கில் அதற்கு இடமில்லை. 2023 முதல் நடப்பில் இருக்கும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர். அது 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கடைசி இடம் பிடித்தாலும் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயம் கிடையாது. கடைசியாக வந்த அணிக்கு அடுத்த ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பும் கிடைக்கும். ஏழை அணியும் பிழைத்திருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. உரிமையாளரின் பணத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் வேறில்லை என்ற நிலைக்கு இன்று வந்துவிட்டது. தோல்விக்கு விலை கொடுக்கத் தேவையில்லாத அமைப்புக்குத்தான் சந்தை மிக அதிக விலை போடுகிறது.

கவ்பாய்ஸ் என்ற பெயரில் டல்லஸ் இருந்தாலும் அந்த அணி ஆடுவது டல்லஸில் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஆர்லிங்டன் என்ற நகரில், ஏறக்குறைய 4 லட்சம் பேர் வாழும் ஊரில். இந்தத் தரவரிசைகள் எதைக் காட்டுவதில்லை என்று யாராவது என்னைக் கேட்டால், நான் காட்டும் ஊர் ஆர்லிங்டன்தான்.

2004 நவம்பரில் அந்த ஊர் மக்கள் வாக்களித்து, விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டிக்கொண்டு, புதிய மைதானத்துக்கு 32.5 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தார்கள். 2009இல் மைதானம் திறக்கப்பட்டது. பெயரளவில் நகராட்சிக்குச் சொந்தம். அதனால் சொத்து வரி கிடையாது. அணி ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் வாடகை தருகிறது. மைதானத்துக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்ள ஒரு தொலைபேசி நிறுவனம் தரும் பெருந்தொகையில், நகருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 5 லட்சம் டாலர்தான். மற்ற வருமானம் அணிக்கு. அந்த வருமானத்தைத்தான் பட்டியல் தயாரிப்பவர்கள் பெருக்கி 1,300 கோடி டாலர் என்று எழுதுகிறார்கள். மளிகைக் கடையில் சில்லறையாகக் கொடுத்த வரி, தனி ஒருவரின் சொத்து மதிப்பாக மாறும் பாதை இவ்வளவு குட்டையானது.

ஆர்லிங்டன் இப்படிக் கொடுத்தது அது முதல் முறையுமல்ல. 1991இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற பேஸ்பால் அணிக்காக இதே அரை சதவீத வரியை மக்கள் ஏற்றார்கள். 13.5 கோடி டாலர் திரட்டப்பட்டு 1994இல் மைதானம் வந்தது. அதைச் சுற்றி நிலம் எடுக்கப்பட்டபோது, விற்க மனமில்லாத ஒரு குடும்பம் நீதிமன்றம் போய், முதலில் சொல்லப்பட்டதைவிடப் பல மடங்கு இழப்பீடு பெற்றது. அந்த அணியின் உரிமையாளர் குழுவில் முன்னணியில் நின்ற முகம் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். 1989இல் அவர் போட்ட முதல் ஏறக்குறைய 6 லட்சம் டாலர். அதிலும் பெரும்பகுதி வங்கிக் கடன். புதிய மைதானம் வந்து மதிப்பு ஏறிய பிறகு 1998இல் அணி 25 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அவர் பங்குக்கு வந்தது சுமார் 1.5 கோடி டாலர். அப்போது அவர் டெக்சஸின் ஆளுநர். இரண்டே ஆண்டுகளில் அதிபர் தேர்தலில் நின்றார். அந்த அணி அவருக்குக் கொடுத்தது பணம் மட்டுமல்ல. அதற்கு முன் எண்ணெய்த் தொழிலில் பெயர் சொல்லும்படி எதுவும் செய்திராதவருக்கு, டெக்சஸ் முழுவதும் தெரிந்த முகத்தையும் கொடுத்தது.

அந்த மைதானத்துக்கு 23 வயதுகூட நிரம்பாத நிலையில், வெயிலுக்குக் கூரை இல்லை என்ற காரணத்துக்காக இன்னொரு மைதானம் கேட்கப்பட்டது. 2016இல் ஆர்லிங்டன் மக்கள் மூன்றாவது முறையாக வாக்களித்தார்கள்: 50 கோடி டாலர். 2020இல் அதுவும் திறக்கப்பட்டது. இவ்வளவும் தந்த ஊர், நகரப் பேருந்து வசதி இல்லாத மிகப் பெரிய அமெரிக்க நகரம் என்று நீண்ட காலம் பெயர் வாங்கியது. அங்கே பொதுப் போக்குவரத்துக்கு வரி போடலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் தோற்றிருக்கிறது.

ஆர்லிங்டன் மக்களை யாரும் ஏமாற்றிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று முறையும் வாக்குச்சீட்டில்தான் முடிவானது. முதல் மைதானத்தின் கடனை நகரம் குறித்த காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே அடைத்தது. ஊருக்கு ஒரு பெருமை, ஒரு முகவரி கிடைத்தது என்று அங்கே இருப்பவர்கள் சொன்னால் அதை மறுக்க நான் யார்? ஆனால் மைதானத்தால் வேலைவாய்ப்பு பெருகும், ஊர் செழிக்கும் என்ற வாக்குறுதியைப் பொருளாதார அறிஞர்கள் 1990களிலிருந்தே சோதித்துவருகிறார்கள். ராஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பாலிஸ்ட் இருவரும் 1997இல் தொகுத்த ஆய்வு நூல் முதல் அதற்குப் பின் வந்தவை வரை, மக்கள் கொட்டிய பணம் ஊருக்குத் திரும்பி வரவில்லை என்பதுதான் பெரும்பாலானோர் கண்ட முடிவு. அந்தப் பணம் போன இடம் அணியின் மதிப்பு. அதை நாம் பட்டியலில் வாசித்து வியக்கிறோம்.

விலை என்பதே எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2014 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணிக்கு ஃபோர்ப்ஸ் போட்ட மதிப்பு 57.5 கோடி டாலர். உரிமையாளரின் இனவெறிப் பேச்சு வெளியாகி அவர் வெளியேற நேர்ந்ததும், அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மர் அதை 200 கோடி டாலருக்கு வாங்கினார். அதற்கு அடுத்த பட்டியலில் எல்லாக் கூடைப்பந்து அணிகளின் சராசரி மதிப்பும் 74 சதவீதம் உயர்ந்தது. எந்த அணியும் திடீரென்று நன்றாக ஆடத் தொடங்கவில்லை. ஒரு பெரும் செல்வந்தர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தலைவர்களின் சொத்தைக் கணக்கிடும்போது இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. ஃபோர்ப்ஸ் ஒரு காலத்தில் மன்னர்கள், சர்வாதிகாரிகள் ஆகியோரின் சொத்துக்கென்று தனிப் பட்டியல் போட்டுவந்தது. 2003இல் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு அதில் 11 கோடி டாலர். 2005இல் 55 கோடி. 2006இல் 90 கோடி. கியூப அரசு நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது என்று அனுமானித்துப் போட்ட கணக்கு அது. 2006 மே மாதம் தொலைக்காட்சியில் தோன்றிய காஸ்ட்ரோ, வெளிநாட்டு வங்கியில் தன் பெயரில் ஒரே ஒரு டாலர் இருப்பதாக நிரூபித்தாலும் பதவி விலகுவேன் என்று சவால் விட்டார். யாரும் நிரூபிக்கவில்லை. அதை வைத்து அவர் நேர்மையானவர் என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. எதிர்க்கட்சி, சுதந்திரமான பத்திரிகை, தணிக்கைக்கு உட்பட்ட அரசுக் கணக்கு எதுவும் இல்லாத நாட்டில் ஒரு தலைவருக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கு எதற்கு? நாடே அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எது அவருடையது, எது நாட்டுடையது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாததுதான் அங்கே சொல்லப்பட வேண்டிய செய்தி. 90 கோடி என்ற எண் அதை மறைத்துவிட்டது.

பிரிட்டனிலும் இதே குழப்பம் வேறு வடிவில் நடந்தது. 1989இல் சண்டே டைம்ஸ் தன் முதல் பணக்காரர் பட்டியலை வெளியிட்டபோது முதலிடம் ராணி எலிசபெத்துக்கு. 520 கோடி பவுண்டு. அரண்மனை ஓவியங்களும் கலைப் பொருள்களும் அதில் அடக்கம். அவற்றை ராணியால் விற்கவும் முடியாது, பேரனுக்குத் தன் விருப்பப்படி எழுதிவைக்கவும் முடியாது. சில ஆண்டுகளில் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். 2022இல் அவர் இறந்த ஆண்டின் பட்டியலில் இருந்த தொகை 37 கோடி பவுண்டு. அங்கே ராணியின் சொத்து எது, அரசின் சொத்து எது என்று சட்டம் பிரித்திருந்தது. ஆகவே, பட்டியலைத் திருத்த முடிந்தது.

பிரிக்க முடியாத இடங்களில் திருத்தவும் முடிவதில்லை. இந்தோனேசியாவின் சுகார்த்தோ குடும்பம் 1,500 கோடி டாலர் சேர்த்ததாக 1999இல் டைம் பத்திரிகை எழுதியது. அதற்குள் அவர் பதவி இழந்து ஓராண்டு ஆகிவிட்டிருந்தது. அவர் வழக்குப் போட்டார். 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்கு எதிராகப் பெரும் தொகையைத் தீர்ப்பளித்து, 2009இல் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. அவர் அதற்கு முன் ஆண்டே இறந்துபோயிருந்தார். பதவியில் இருந்த 30 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

சொத்தையாவது ஏதோ ஒரு விதத்தில் எண்ணலாம். அதிகாரத்தை எப்படி எண்ணுவது? 2009 முதல் உலகின் மிக அதிகாரம் மிக்கவர்களின் பட்டியலையும் ஃபோர்ப்ஸ் வெளியிட்டது. பத்துக் கோடிப் பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் முதல் ஆண்டில் 67 பெயர்கள். 41ஆவது இடத்தில் மெக்சிகோவின் போதைப்பொருள் கடத்தல் தலைவன் ஹோக்கின் குஸ்மான். 50ஆவது இடத்தில் தாவூத் இப்ராஹிம். எத்தனை பேர் மீது ஆதிக்கம், எவ்வளவு பணம் கைவசம், எத்தனை துறைகளில் செல்வாக்கு, அதை எவ்வளவு தீவிரமாகப் பயன்படுத்துகிறார் என்ற நான்கு கேள்விகள்தான் அளவுகோல். அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள், யாரால் திரும்பப் பெற முடியும் என்ற ஐந்தாவது கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வி இல்லாததன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 2013இல் ஒபாமாவைப் பின்னுக்குத் தள்ளி விளாதிமிர் புதின் முதலிடம் பிடித்தார். காரணமாகச் சொல்லப்பட்டது, புதின் தன் நாட்டின் மீது பிடியை இறுக்கிவிட்டார் என்பதும், ஒபாமா நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்டி அரசு அலுவலகங்களே மூடப்படும் நிலைக்கு ஆளானார் என்பதும். 2016 வரை புதினே முதலிடத்தில் நீடித்தார். 2018 மார்ச்சில் சீன அதிபரின் பதவிக் கால வரம்பு நீக்கப்பட்டது. மே மாதப் பட்டியலில் ஷி ஜின்பிங் முதலிடம். நாடாளுமன்றமும் நீதிமன்றமும் ஒரு தலைவரைக் கட்டுப்படுத்தினால், இந்த அளவுகோலின்படி அது அவரது பலவீனம். கட்டுகளை அறுத்தெறிந்தால் மதிப்பெண் கூடுகிறது. அந்த 2018 பட்டியலில் பிரதமர் மோடிக்கு ஒன்பதாவது இடம் என்று நாம் மகிழ்ந்தோம். அத்துடன் அந்தப் பட்டியல் நின்றுவிட்டது. அளவுகோல் மட்டும் நம் மனங்களில் தங்கிவிட்டது. வலிமையான தலைவர் என்றால் யாரையும் கேட்காமல் முடிவெடுப்பவர் என்று தேநீர்க் கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

தரவரிசையில் ஏறுவதே ஒரு முதலீடு என்பதை மிக முன்னதாகப் புரிந்துகொண்டவர் டொனால்ட் டிரம்ப். 1982இல் ஃபோர்ப்ஸ் 400 பெரும் பணக்காரர் பட்டியல் தொடங்கியது. 1984இல் ‘ஜான் பேரன்’ என்ற உதவியாளர் பெயரில் ஒருவர் பத்திரிகையாளர் ஜோனதன் கிரீன்பெர்க்கைத் தொலைபேசியில் அழைத்து, டிரம்பின் சொத்தை உயர்த்திச் சொன்னார். அழைத்தது டிரம்பேதான் என்று கிரீன்பெர்க் 2018இல் ஒலிப்பதிவோடு எழுதினார். பட்டியலில் பெயர் வந்தால் வங்கி கடன் தரும். கடனில் கட்டடம் எழும்பினால் பட்டியலில் இடம் உயரும். அவரது நியூயார்க் மாடிக் குடியிருப்பின் பரப்பு 10,996 சதுர அடி. ஆவணங்களில் 30,000 என்று எழுதப்பட்டிருந்ததை வெளியே கொண்டுவந்ததும் இதே ஃபோர்ப்ஸ்தான். அதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அந்தப் பத்திரிகையில் வேலை செய்பவர்கள் பத்திரப் பதிவு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் புரட்டி உழைப்பவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த அளவு வெளிச்சம்கூட நமக்குக் கிடைத்திருக்காது. அவர்கள் புரட்டுவதற்கு ஏடே இல்லாத இடங்களைப் பற்றித்தான் என் கவலை.

பதவியால் மட்டுமே செல்வம் வந்த மன்னர்களையும் சர்வாதிகாரிகளையும் கோடீஸ்வரர் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது ஃபோர்ப்ஸின் விதி. அவர்களோ இப்போது அணிகளை வாங்குகிறார்கள். 2021 அக்டோபரில் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு, இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கிளப்பை 30.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அப்போது நிதியத்தின் பங்கு 80 சதவீதம். நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல் துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளப்பை சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதிமொழி கிடைத்திருப்பதாக பிரீமியர் லீக் அறிவித்தது. 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் கோல்ஃப் தொடர்பான வழக்கு ஒன்று வந்தது. நிதியத்தின் ஆவணங்களைக் கேட்டபோது, நிதியம் சவூதி அரசின் அங்கம் என்றும், அதன் ஆளுநர் யாசிர் அல் ருமையான் பதவியில் உள்ள அமைச்சர் என்றும், ஆகவே விசாரணையிலிருந்து விலக்கு வேண்டும் என்றும் அவர்களின் வழக்கறிஞர்களே வாதிட்டார்கள். அந்த ருமையான்தான் நியூகாசிலின் தலைவர். கிளப் வாங்கும்போது அரசு வேறு, நிதியம் வேறு. கணக்குக் கேட்டால் இரண்டும் ஒன்று.

நியூகாசில் ரசிகர்கள் மீது எனக்குக் கோபமில்லை. 1955க்குப் பிறகு உள்நாட்டில் ஒரு பெரிய கோப்பையும் பார்க்காத ஊர் அது. 2025 மார்ச்சில் லீக் கோப்பையை வென்றபோது தெருவில் அழுதவர்களின் மகிழ்ச்சி களங்கமற்றது. அப்பனும் பாட்டனும் உட்கார்ந்த அதே இருக்கையில் உட்கார்ந்து தோல்விகளைச் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களின் அந்த விசுவாசத்தைத்தான் வாங்கியவர் விலை கொடுத்து வாங்கினார். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. செல்சியிலும் இதே கதை. 2003இல் ரோமன் அப்ரமோவிச் 14 கோடி பவுண்டுக்கு வாங்கிய கிளப், உக்ரைன் போருக்குப் பின் 2022இல் அவர் மீது தடை விழுந்ததும் 250 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. போரில் பாதிக்கப்பட்டோருக்கு என்று சொல்லப்பட்ட அந்தத் தொகை, மூன்று ஆண்டுகள் கடந்தும் லண்டனில் ஒரு வங்கிக் கணக்கில் முடங்கிக் கிடந்தது.

வேறு மாதிரியும் ஓர் அணியை நடத்த முடியும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்ற, ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை உள்ள சிறு ஊர். 1919இல் தொடங்கிய பேக்கர்ஸ் அணி அந்த ஊருடையது. 5 லட்சத்துக்கும் அதிகமான சாதாரண மக்கள் பங்குதாரர்கள். பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. அதே லீக்கில் ஆடி, 13 முறை பட்டம் வென்று, எந்த அணியையும்விட அதிகப் பட்டங்களை வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் வரவு செலவைப் பொதுவில் வைக்கிறது. லீக்கின் பொது வருமானத்திலிருந்து ஒவ்வோர் அணிக்கும் 2024இல் போன பங்கு 40.2 கோடி டாலர் என்று உலகத்துக்குத் தெரிந்தது பேக்கர்ஸின் அந்த ஏட்டிலிருந்துதான். மற்ற 31 உரிமையாளர்களும் சொல்லாததை அந்தச் சிற்றூரின் கணக்குப் புத்தகம் சொல்கிறது. விற்கவே முடியாத அந்த அணிக்கும் ஆண்டுதோறும் ஒரு விலை போட்டுப் பட்டியலில் சேர்க்கிறார்கள். இப்படி இன்னோர் அணி உருவாக லீக்கின் இன்றைய விதிகள் அனுமதிப்பதில்லை என்பதுதான் வேதனை.

நம்மிடம் வந்தால், தலைவர்களின் சொத்து விஷயத்தில் இந்தியாவுக்குப் பெருமைப்படக் காரணம் உண்டு. வேட்பாளர்கள் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018இல் சேர்த்தது. அதில் எழுதப்படாதது எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஓர் ஏடு இருக்கிறது. விளையாட்டில் அந்த ஏடுகூட இல்லை.

2008இல் 9.1 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுக்கப்பட்ட சென்னை சூப்பர் கிங்ஸ், 2015இல் தாய் நிறுவனத்திலிருந்து துணை நிறுவனத்துக்கு மாற்றப்பட்டபோது காட்டப்பட்ட மதிப்பு வெறும் 5 லட்சம் ரூபாய். இது எப்படி என்று கிரிக்கெட் வாரியத்துக்குள்ளேயே கேள்வி எழுந்தது. 2022இல் அதே நிறுவனத்தின் பங்குகள், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாமலே கைமாறிய விலையை வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு 7,600 கோடி ரூபாயைத் தொட்டது. இரண்டும் ஒரே அணி; ஏழே ஆண்டு இடைவெளி. 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அந்தப் பணத்தை ஆளும் கிரிக்கெட் வாரியம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் பரிந்துரைத்தது. 1997 முதல் 2007 வரை மட்டும் வாரியத்துக்குக் கிடைத்த வரிவிலக்கு 2,168 கோடி ரூபாய் என்று தன் அறிக்கையில் காரணமும் காட்டியது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின் முதல் வரைவில் எல்லா விளையாட்டு அமைப்புகளும் அந்த உரிமைக்குள் வந்தன. நிறைவேறும் முன் அது திருத்தப்பட்டு, அரசின் நிதி உதவி பெறும் அமைப்புகள் மட்டும் என்று சுருங்கிவிட்டது. வாரியம் அரசிடம் பணம் வாங்குவதில்லை. அதனால் கேட்க முடியாது.

சேப்பாக்கம் மைதானம் நிற்பது அரசு நிலத்தில், குத்தகைக்கு. நாட்டின் பல நகரங்களில் மைதானங்களின் நிலை இதுதான். வரிவிலக்கும் நிலமும் மக்கள் கொடுத்தவை. நிதி உதவி என்ற சொல்லோடு அரசு நிலம், வரிவிலக்கு ஆகிய இரண்டையும் சட்டத்தில் சேர்க்க ஒரு பத்தித் திருத்தம் போதும். அதை நாடாளுமன்றத்தில் கொண்டுவரும்படி தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களையும் கேட்கிறேன்.